ஆட்டோ ஹப்பை மனுவலுக்கு மாற்றலாமா?

வணக்கம் சகோதரம். ஹட்டன் தோட்டப் பாதை ஏறும்போது 4டபிள்யூடி (நான்கு சில்லு இழுவை) விளக்கு எரிந்தும் உங்கள் 90களின் டபுள் கெப் முன்சில்லு இழுக்கவில்லை, செங்குத்தான இறக்கத்தில் டக் டக் சத்தம் என்றீர்கள். அந்த விளக்கை நம்ப வேண்டாம். லீவரைப் போட்டது மட்டும்தான் அதற்குத் தெரியும், முன்சில்லை அச்சோடு இணைக்கும் ஹப் பூட்டியதா என்பது தெரியாது.

ஆட்டோ ஹப் தானாக, முன் அச்சு சுழலும் விசையில்தான் பூட்டும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில் விசை திசை மாறும்போது சிலவற்றில் விட்டுவிட்டுப் பூட்டும். பயமான இடம் அதுதான். பழைய கிரீஸ் இறுகினாலும் பூட்டாது, ஆகவே முதலில் இரண்டையும் கழற்றிக் கழுவிப் பாருங்கள். செலவு குறைவு.

தோட்டத்துக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் கையால் டயலைத் திருப்பிப் பூட்டும் மனுவல் ஹப்புக்கே மாறுங்கள். கழற்றிய ஹப்பைக் கையோடு கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குக் கொண்டுபோய் ஸ்ப்லைன் பற்களையும் (அச்சு நுழையும் உட்பற்கள்) போல்ட் துளைகளையும் ஒப்பிட்டு வாங்குங்கள். டயல் இரு பக்கமும் இலகுவாகத் திரும்ப வேண்டும். சில மாடல்களில் பெயரிங் நட்டும் மாற்ற வேண்டும், அதைக் கராஜில் முதலே கேளுங்கள்.

அப்புறம், மலையடிவாரத்திலேயே இறங்கி இரண்டு ஹப்பையும் லாக்கில் வையுங்கள், சேற்றில் இறங்கியபின் அல்ல. பூட்டியபடி தாரில் 2டபிள்யூடியில் ஓடினால் பழுதில்லை, டீசல் கொஞ்சம் கூடப் போகும். ஆனால் காய்ந்த தாரில் 4டபிள்யூடி லீவரைப் போடவே வேண்டாம்.