டிரெவெல்யனுக்கு ஏன் சிலை இல்லை?

கேள்வி: 1860-இல் வருமான வரியை எதிர்த்துப் பதவியையே இழந்த சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நம் ஏழைகளின் பக்கம் நின்ற வெள்ளையர் அல்லவா? மன்றோவுக்குச் சிலை இருக்கும்போது இவருக்கு ஏன் இல்லை?
– வாசகர் ஒருவர், வேலூர்

பதில்: பதவி போனது உண்மை. ஆனால் எதிர்த்ததைவிட, எதிர்த்த விதம்தான் அதற்குக் காரணம். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் காலியாகிக் கிடந்த கஜானாவை நிரப்ப, கல்கத்தாவில் வைஸ்ராயின் ஆட்சிக்குழுவில் நிதி உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த வரியைக் கண்டித்து எழுதிய அலுவல் குறிப்பை, மேலிடத்துக்கு அனுப்பியதோடு நில்லாமல் சென்னைப் பத்திரிகைகளிலும் அவர் வெளிவரச் செய்துவிட்டார். ஓர் ஆளுநர் தம் மேலிடத்தோடு பத்திரிகையில் வழக்காடுவதை லண்டன் பொறுக்கவில்லை, திருப்பி அழைத்துக்கொண்டது. தியாகி என்று மாலை போட எழுந்தவர்கள் சற்று உட்காரலாம்: மூன்று ஆண்டுகளுக்குள் அதே கல்கத்தாவுக்கு, அதே நிதி உறுப்பினர் பதவிக்கே அவர் வந்து சேர்ந்தார்.

துணிச்சல்காரர்தான், மறுக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் டெல்லியில் தம் மேலதிகாரி எட்வர்ட் கோல்புரூக் லஞ்சம் வாங்குவதாகக் குற்றம் சாட்டி, அவரைப் பதவியிலிருந்து இறக்கிக் காட்டியவர். 1854-இல் பிரிட்டிஷ் அரசுப் பணி பற்றி, அரசியல்வாதி நார்த்கோட்டுடன் சேர்ந்து அளித்த அறிக்கையில், சிபாரிசை ஒழித்துப் போட்டித் தேர்வில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவரும் இவரே.

ஆனால் சென்னையில் அவர் சொன்னது என்ன? புதிய வரி வேண்டாம், படைச் செலவைக் குறையுங்கள் என்பதுதான். இந்தச் சிக்கனம் நம்மிடம் வருமுன் எங்கே வேலை செய்தது என்று பாருங்கள். 1840 முதல் 1859 வரை பிரிட்டிஷ் கருவூலத்தின் மூத்த அதிகாரி அவர். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தபோது நிவாரணக் கணக்கு அவர் மேசைக்குத்தான் வந்தது. 1847 தொடக்கத்தில் கூலிக்காகச் சாலை வேலைகளுக்கு வந்தவர்கள் 7 லட்சத்துக்கும் மேல். உடைத்த கல்லை அளந்து கூலி தரும் இடத்தில், பட்டினி கிடப்பவன் எவ்வளவு உடைப்பான்? பிறகு அந்த வேலைகளும் நிறுத்தப்பட்டன. அன்றாடம் 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றிய கூடங்களும் அவ்வாண்டு இலையுதிர் காலத்துக்குள் மூடப்பட்டன. இனிமேற்பட்ட செலவை அயர்லாந்து சொத்துக்காரர்களின் வரியே ஏற்கட்டும் என்று கைகழுவினார்கள். முடிவெடுத்ததில் அமைச்சர்களுக்கும் பங்குண்டு; ஆனால் 1848-இல் எழுதிய கட்டுரையில் அந்தப் பஞ்சத்தையே கருணைமிக்க இறைவனின் செயலாகக் கண்டவர் டிரெவெல்யன். ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்ட அந்தப் பஞ்சத்தில் ஆற்றிய பணிக்குத்தான், அதே ஆண்டு, அவர் பெயருக்கு முன்னால் ‘சர்’ சேர்ந்தது.

சென்னையில் அவர் விட்டுச்சென்ற பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவை ரிப்பன் மாளிகையும் நேரு விளையாட்டரங்கமும் எப்போதோ பங்கு போட்டுக்கொண்டன. ஆகவே சிலைக்கு இடம் பார்ப்பது கடினம். அப்படியும் நன்கொடைப் பட்டியலைத் தொடங்குவதானால், அயர்லாந்துத் தலைநகர் டப்ளினுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.