கேளுங்கள் சொல்கிறோம்

கேள்வி: காரில் மலாக்கா போகும்போது நம் சிங்கப்பூர் தமிழ் வானொலி ஒலி 96.8 பாதி வழியிலேயே கரகரத்து மறைந்துவிடுகிறது. என் தாத்தாவோ பழைய பெட்டியில் ராத்திரி இலங்கை வானொலி கேட்டாராம். அது எப்படி?
- வாசகி, ஈசூன்

பதில்: தாத்தா புளுகவில்லை! அவர் கேட்டது சிற்றலை (ஷார்ட்வேவ்). அது மேலே போய், மின்னேற்றத் துகள்கள் நிறைந்த வான் அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் தாண்டியும் இறங்கும். 1901-இல் வானொலி முன்னோடி மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி வானொலிச் சைகை அனுப்பியபோது இது எப்படி நடந்தது என்றே யாருக்கும் புரியவில்லை, ஏனென்றால் பூமி உருண்டை, அலை நேராகப் போனால் விண்வெளிக்கல்லவா போயிருக்க வேண்டும்? அடுத்த வருடமே கென்னலி, ஹெவிசைடு என்ற இரு விஞ்ஞானிகள் மேலே ஏதோ ஒரு அடுக்கு இருக்க வேண்டும் என்றார்கள். பகலில் அலையை உறிஞ்சும் கீழடுக்கு இரவில் கலைந்துவிடும், அதனால்தான் ராத்திரிக் கச்சேரி.

ஒலி 96.8 வரும் பண்பலை (எஃப்.எம்.) வேறு சாதி. 96.8 மெகாஹெர்ட்ஸ் அலை பொதுவாக அந்த அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும், திரும்பாது. கோபுரத்தின் பார்வை எட்டும் தூரம் வரைதான் கேட்கும். ஆனால் இரைச்சல் குறைவு, பாட்டு சுத்தம். 1937-இல் சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் ஒலிபரப்பு நிலையம் திறந்தபோது பண்பலையெல்லாம் இங்கே வரவில்லை. சரி, மலாக்காவுக்கு? போனில் இணையம் வழியாகக் கேளுங்கள், ரோமிங் கட்டணத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.