மேசைக் கோடியில் ஒரு விளக்கு

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு நண்டுக் கம்பெனியில் தரப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் நண்டுச் சதை அமெரிக்காவுக்குப் போகிறது. கூட வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரைப் பற்றி உங்களுக்கு எழுதத் தோன்றியது. டப்பாவில் ஓட்டுத் துணுக்கு கிடக்கிறது என்று போன மாதம் வாங்குபவரிடமிருந்து புகார் வந்தது. சதை எடுக்கும் பெண்களின் கூலியில் பிடிக்கச் சொன்னார் மேனேஜர். அண்ணன் நேரே போய் அவர்கள் மேசையில் உட்கார்ந்தார். மேசைக் கோடியில் விளக்கு மங்கலாக இருப்பதைக் கண்டுபிடித்தார். வாங்குபவரை வீடியோவில் அழைத்து அந்த இடத்தைக் காட்டி, அடுத்த சரக்கு தாமதமாகும் என்று அவரே முந்திச் சொன்னார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. மேனேஜர் அவரை ‘இளகின ஆள்’ என்கிறார். இது பிறவிக் குணமா, பழகினால் வருமா? படிக்க ஏதாவது புத்தகம் உண்டா? எழுத்தாளருக்கும் இப்படிக் குழு தேவைப்படுமா?

எம்.

அன்புள்ள எம்.,

புத்தகம் வேண்டாம். மேனேஜரையும் விடுங்கள். கெட்ட சேதியை வாங்குபவரிடம் தானே முந்திப் போய்ச் சொல்கிறவர் இளகின ஆள் அல்ல. அதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். எழுத்தாளரின் குழுவைப் பற்றி, என் பிழைகளைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போன மெய்ப்புப் பார்ப்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒரே ஒரு வரி. விளக்கு மங்கலாக இருப்பதை அண்ணன் ‘கண்டுபிடித்தார்’ என்கிறீர்கள். அவரா? அன்று காலை வந்து உட்கார்ந்தவருக்கு அது எப்படித் தெரியும்? அந்த விளக்கின் கீழே குனிந்து உட்கார்ந்து, வெள்ளைச் சதைக்குள் வெள்ளைத் துணுக்கை விரல் நுனியால் தேடிக்கொண்டிருக்கிற ஒரு பெண் சொல்லியிருப்பார். பல நாளாகவே சொல்லிக்கொண்டிருந்திருப்பார். உங்கள் அண்ணன் செய்தது, கேட்டது. தரப் பிரிவில் இருக்கிற நீங்கள் ஏன் தம்பி கேட்கவில்லை? இவ்வளவு எழுதியவர் அந்த மேசையில் எத்தனை பேர் என்றுகூட எழுதவில்லையே!

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து பழைய பாலத்தின் கதையை ஆளாளுக்குச் சொல்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்குகிற இரும்பு உத்திரங்கள், கடலுக்குள் போயின. சீராக்க ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது, மேலதிகாரி அதை மூன்றாகக் குறைத்தார், பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடக்கிற இடத்தை வந்து சொன்னவர் ஒரு மீனவர். அவற்றைத் தூக்கி மறுபடி பொருத்தியதால்தான் வேலை அவ்வளவு சீக்கிரம் முடிந்தது. நான் கேட்ட எல்லாக் கதையிலும் அவர் வெறும் ‘ஒரு மீனவர்’. பொறியாளருக்கு இனிஷியல் வரைக்கும் இருக்கிறது. நமக்குக் கூட்டு வேலையைப் புகழ வராது. அதற்குள் ஒரு ஆளைத் தேடிப் பிடித்துப் புகழ்ந்தால்தான் திருப்தி.

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைச் சின்ன வயதில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வள்ளம் ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டு, வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுக்கொண்டே போய், மறு முனையோடு தள்ளிக் கரையேறும். இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்வாக்கில் நடப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். ஒரு பக்கம் மட்டும் வேகமாக இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், தொய்ந்த பக்கமாக மீன் போய்விடும். நடுவில், முழங்கால் தண்ணீரில், ஒரு கிழவர் நிற்பார். கயிற்றைத் தொடமாட்டார். துண்டை இந்தப் பக்கம் வீசினால் இவர்கள் நிதானிப்பார்கள், அந்தப் பக்கம் வீசினால் அவர்கள். வாயில் வருகிற வசவை இங்கே எழுத முடியாது. ‘யாரிடமும் குரல் உயர்த்தாத’ ரகம் இல்லை அவர்! ஆனால் இழுக்கிற ஒவ்வொருவர் பேரும் அவருக்குத் தெரியும். யாருக்குத் தோள்வலி, யார் ராத்திரி தூங்கவில்லை, எல்லாம் தெரியும்.

மீன் சேர்கிற வலைப்பை, அதுதான் மடி, கரைக்கு வந்ததும் யாவாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். நசுங்கின மீனை அவரே பொறுக்கி மேலே போட்டுவிட்டுத்தான் ஏலத்தை ஆரம்பிக்கச் சொல்வார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மருமகன் ஒருநாள் எரிச்சலாகி, “அடியில போடுங்க மாமா, யாரு பாக்கப் போறா?” என்றான்.

“நாளைக்கும் இவனுகதானடா வரணும்” என்றார் கிழவர். அதற்கு மேல் விளக்கமெல்லாம் கிடையாது. காசு வந்ததும் எல்லார் முன்னாலும் மணலில் வைத்துப் பங்கு பிரித்தார்கள். நசுங்கினதால் விழுந்த விலையும் எல்லார் பங்கிலும்தான் குறைந்தது. ஒருத்தன் கூலியில் பிடிக்கவில்லை.

பிறவிக் குணமா என்று கேட்டீர்கள். நல்ல மனுஷன், பிறவியிலேயே அப்படி என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். அவர் கும்பிடத் தக்கவர், நாம் நம் இடத்தில் இருந்துகொள்ளலாம். அந்தச் சௌகரியத்தை உங்களுக்குத் தர எனக்கு மனமில்லை.

கடிதம் எழுதுகிற கை உங்களுக்கு இருக்கிறது, சந்தோஷம். அடுத்த கடிதத்தில் விளக்கைப் பற்றி முதலில் சொன்ன பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவர் எந்த ஊரிலிருந்து வருகிறார், எத்தனை மணி பஸ், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சதை எடுக்கிறார், கிலோவுக்கு என்ன கிடைக்கிறது, எல்லாம் வேண்டும். அண்ணனைப் பற்றி ஒரு வரி போதும். அந்த விளக்கை மாற்றிவிட்டார்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். நீங்கள் அதைச் சொல்லவே இல்லை.