கவிதைக்கும் ஒரு திரைப்பட விழா

கேள்வி: கவிதைப் படங்களுக்கென்றே தனி விழா நடத்துகிறார்களாமே? ஒருவர் கவிதை வாசிக்க, பின்னால் காட்சி ஓடும், அவ்வளவுதானே?

பதில்: நடத்துகிறார்கள். பெர்லினில் 2002-இல் தொடங்கிய ‘ஜீப்ரா’ விழா இதற்கென்றே இருப்பது, கவிதையிலிருந்து பிறந்த குறும்படங்கள் பல நாடுகளிலிருந்து அங்கே வருகின்றன. ஆனால் ‘அவ்வளவுதானே’ என்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரியில் மழை என்றால் திரையிலும் மழை பெய்யும் படங்கள் உண்டுதான், எனக்கு அவை பிடிப்பதில்லை, சொன்னதையே இரண்டு முறை சொல்வதால் என்ன லாபம்? நல்ல படத்தில் சொல் ஒரு பக்கம் போகும், காட்சி வேறு பக்கம் போகும், நடுவில் விழும் இடைவெளியில்தான் நமக்கு வேலை.

பால் ஸ்ட்ராண்டும் சார்லஸ் ஷீலரும் எடுத்து 1921-இல் வெளிவந்த ‘மன்ஹாட்டா’வைப் பாருங்கள், நியூயார்க் நகரைப் பற்றிய மௌனப் படம், பத்து நிமிடம்தான். குரலே கிடையாது. படகு கரையைத் தொட்டதும் நெருக்கியடித்து நின்ற கூட்டம் இறங்கி ஓடுகிறது, இடையிடையே அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் வரிகள் வெறும் எழுத்தாக வந்து போகின்றன. இசை சேர்த்த பிரதி கிடைத்தால் ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள், அந்த வரிகளை உங்கள் மனக்குரலே வாசிக்கும்.