சிங்கப்பூர்க் கடற்கரையில் நமக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். அங்கே வேலை பார்க்கும் என் தம்பி, கடற்கரையோரம் உள்ள போர் நினைவிடங்களுக்கு இரண்டு நாள் ஒதுக்கச் சொல்கிறான். ஜப்பான்காரனும் வெள்ளைக்காரனும் போட்ட சண்டையில் நமக்கு என்ன இருக்கிறது? 13 வயது மகளையும் 8 வயது மகனையும் பீரங்கியும் கல்லறையும் காட்டவா இத்தனை செலவு செய்து கூட்டிப்போவது?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: தம்பி சொல்வதைக் கேளுங்கள். இரண்டு நாள் தேவையா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில், 'ஜப்பான்காரனும் வெள்ளைக்காரனும் போட்ட சண்டை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையல்ல.

1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியப் படை ஜொகூர் நீரிணையைத் தாண்டி, தீவின் வடமேற்குக் கரையில் சரிம்பூனில் இறங்கியது. ஒரு வாரத்தில், பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். சிறைப்பட்டவர்கள் 80,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். பஞ்சாபிலிருந்தும் கடுவால் மலையிலிருந்தும் வந்தவர்கள். பிப்ரவரி 17 அன்று அவர்களை ஃபேரர் பார்க் மைதானத்தில் கூட்டி பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் சேர வருமாறு கேப்டன் மோகன் சிங் அழைத்ததும் அங்கேதான். நம்மூர்க்காரர்கள் பெட்டி நிறையப் பொருள் வாங்கும் முஸ்தபா கடைக்குப் போகும்போது அந்தப் பகுதியில்தான் நடந்திருப்பீர்கள், அல்லது நடக்கப்போகிறீர்கள்.

சிப்பாய்களை விடுங்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றார்கள். 415 கிலோமீட்டர் காடு. காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன. அங்கே மடிந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. இது தெரியாமல் வளரும் தமிழ்ப் பிள்ளையைப் பார்த்து எனக்கு வருத்தம்தான் வருகிறது. தெரிந்தும் சொல்லாத பெற்றோரைப் பார்த்தால் கோபம் வருகிறது.

இனி, எங்கே போவது. பையனுக்குச் செந்தோசாத் தீவின் சிலோசோ கோட்டையே போதும். அனுமதி இலவசம். மரங்களின் உச்சிக்கு மேலே நீளும் நடைபாலத்தில் ஏறிப் போகலாம். பீரங்கிகளும் நிலவறைகளும் உண்டு. சரணடைந்த காட்சியை மெழுகுச் சிலைகளால் அமைத்திருக்கிறார்கள். 'பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்தே இருந்தன, எதிரி பின்வாசல் வழியாக வந்துவிட்டான்' என்று யாராவது அங்கே சொல்வார்கள். நம்பவேண்டாம். சாங்கியில் இருந்த 15 அங்குலப் பீரங்கிகளில் சில உட்பட, பல பீரங்கிகள் தரைப் பக்கம் திரும்பின, சுட்டன. ஆனால் கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் இரும்பைத் துளைப்பதற்கான குண்டுகள். பரவி வரும் காலாட்படைக்கு எதிராக அவை பெரிதாக உதவவில்லை. எட்டு வயதுப் பையனுக்கு இது நன்றாகவே புரியும், சொல்லிப் பாருங்கள்.

மகளுக்கு வேறு இடங்கள் வேண்டும். கிழக்கே சாங்கி கடற்கரைப் பூங்காவுக்கு அழைத்துப்போங்கள். 1942 பிப்ரவரி 20 அன்று அங்கே நீர் விளிம்பில் 66 சீன ஆண்களை நிறுத்திச் சுட்டார்கள். 18 முதல் 50 வயது வரையுள்ள சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி, 'ஜப்பானுக்கு எதிரி' என்று தோன்றியவர்களைப் பிரித்தெடுத்துக் கொன்ற சூக் சிங் படுகொலையின் ஒரு பகுதி அது. இறந்தவர்கள் 5,000 பேர் என்று ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்டது. 50,000 வரை இருக்கும் என்று சீனச் சமூகத்தினர் சொல்கிறார்கள். இன்று அந்தக் கடற்கரையில் குடும்பங்கள் கூடாரம் போட்டுத் தங்குகின்றன, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. உங்கள் பிள்ளைகளும் ஓட்டட்டும். நினைவுப் பலகையை முதலில் படித்துவிட்டு ஓட்டட்டும், அதன் முன்னால் சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுக்கவேண்டாம்.

ஆனால் ஓர் இடத்துக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் அனுப்புவது எஸ்பிளனேட் பூங்காவுக்கு. ஒரு மாலை போதும். அங்கே இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச் சின்னம் நின்ற இடத்தில் ஓர் அடையாளக்கல் இருக்கிறது. 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எதிரே பாடாங் மைதானம். 1943 ஜூலையில் போஸ் படையைப் பார்வையிட்டுப் பேசிய இடம். அந்த ராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். நம் சுற்றுலாக் குழுக்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, பெருமையோடு படம் எடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுகின்றன. நான் சண்டை போடுவது இதற்காகத்தான்.

அதே பூங்காவில் சில நிமிட நடையில் லிம் போ செங் நினைவுச் சின்னம் இருக்கிறது. பிரிட்டிஷாரின் 'ஃபோர்ஸ் 136' என்ற ரகசியப் படையில் சேர்ந்து ஜப்பானியருக்கு எதிராக மலாயாவில் வேலை செய்தவர், பிடிபட்டு 1944இல் சிறையில் இறந்தவர். போஸின் படை ஜப்பானோடு நின்றது. லிம் போ செங்கை ஜப்பான் சிறையில் சாகவிட்டது. சிங்கப்பூர் இருவரின் நினைவையும் ஒரே பூங்காவில் வைத்திருக்கிறது. சாலையைத் தாண்டினால் நான்கு தூண்கள் உயர்ந்து நிற்கும் பொதுமக்கள் போர் நினைவகம். 1967இல் திறந்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று இனத்துக்கு ஒரு தூண். தமிழிலும் எழுதியிருக்கிறது.

போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை சிங்கப்பூரில் அறிவித்தது 1943 அக்டோபர் 21. தமிழர்களைத் தின்ற அந்த ரயில் பாதை முடிந்ததும் அதே அக்டோபரில்தான். 13 வயதுப் பெண்ணிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்திய தமிழ்ப் பெண்ணும் தண்டவாளம் சுமந்து செத்த தமிழ்க் கூலியும் ஒரே தோட்டத்து வரிசைவீடுகளிலிருந்து போயிருக்கலாம். போஸின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு, அவர் கைகோத்த படை செய்ததை மறைத்துத்தான் நிற்கும் என்றால் எனக்கு அது வேண்டாம். 'அப்படியானால் யார் நல்லவர்கள்?' என்று மகள் கேட்பாள். உடனே பதில் சொல்லி முடித்துவிடாதீர்கள். அவளோடு சேர்ந்து நீங்களும் யோசியுங்கள்.

வடக்கே கிராஞ்சி குன்றில் உள்ள போர்க் கல்லறைக்கு ஒரு காலைப் பொழுது கொடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கல்லறைகளைவிட முக்கியம் அங்குள்ள சுவர்கள். உடல் கிடைக்காத 24,000 பேருக்கு மேல் பெயர் பொறித்திருக்கிறார்கள். அவற்றில் இந்தியப் பெயர்கள் ஏராளம். தங்கள் மத முறைப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கு அங்கே தனி நினைவுச் சின்னமும் உண்டு.

ஆக, தம்பி கேட்ட இரண்டு நாளை ஒரேயடியாகக் கொடுக்கவேண்டாம். வெயில் கடுமையானது, சின்னவன் சோர்ந்துவிடுவான். ஒரு காலை, ஒரு மாலை என்று பிரித்து வையுங்கள். கேளிக்கைப் பூங்காவுக்கும் போங்கள், அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். அருங்காட்சியகங்களில் சில திங்கட்கிழமை மூடியிருக்கும், தம்பியை முன்கூட்டியே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள். புக்கிட் தீமாவில் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தான பழைய ஃபோர்டு தொழிற்சாலை அவருடைய பட்டியலில் கட்டாயம் இருக்கும். கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிறது, நின்று படிக்கவேண்டியதும் நிறைய. மகளைத் தம்பியோடு அனுப்பிவிட்டு, பையனை அன்று நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.