டர்போ புகைக்கிறது, விற்றவர் கைவிரிக்கிறார்: கழற்றும் முன் கடிதம்

கேள்வி: நிலாவெளியில் வசிக்கிறேன். திருகோணமலை நகரிலுள்ள ஒரு கார் சேலில் ஏழு கிழமைக்கு முன் டொயோட்டா ரைஸ் 1.0 டர்போ ஒன்றை வாங்கினேன். உள்ளூரில் ஒருவர் பாவித்த வாகனம். "சேர்விஸ் எல்லாம் ஒழுங்காகச் செய்தது" என்று விற்றவர் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். 2,100 கிமீ ஓடியபின், கந்தளாய்ப் பக்கம் போகும்போது இழுவை குறைந்து நீலப்புகை வந்தது. டர்போவை மாற்ற வேண்டும் என்கிறது கராஜ். "92 பெற்றோல் அடித்ததால் வந்த வினை, பற்றுச்சீட்டில் 'உள்ளபடியே விற்பனை' என்றும் இருக்கிறது" என்கிறார் விற்றவர். மீதிப் பணம் லீசிங். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காலக்கெடு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். புகை வந்த நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்தே கணக்கு. பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது. அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்வது எழுத்து முறைப்பாடு ஆகாது. மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகார சபை அலுவலகத்தில் கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். விசாரணையின் பின் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். தன் சொந்தக் காரை விற்ற தனியாள் என்றால் இந்த வழி பொருந்தாது.

அடுத்தது, டர்போவைக் கழற்ற கராஜுக்கு இன்னும் அனுமதி கொடுக்காதீர்கள். இந்த வழக்கின் முழுப்பாரமும் ஒரே கேள்வியில்தான் நிற்கிறது: வாகனத்தைக் கையேற்ற அன்று குறை உள்ளே இருந்ததா, உங்கள் கையில் வந்ததா? அதற்கான பதில் அந்த எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. கழற்றிக் கழுவிவிட்டால் அதுவும் போய்விடும்.

உங்கள் வாகனத்தில் இருப்பது 1கேஆர்-விஇடி எஞ்சின், 996 சிசி, மூன்று சிலிண்டர். 98 குதிரைவலு, 2,400 முதல் 4,000 ஆர்பிஎம் வரை சுமார் 140 நியூட்டன் மீற்றர். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பி, சிறிய எஞ்சினிலிருந்து இவ்வளவு இழுவை எடுக்கும் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. ஒயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால், சூட்டில் அது கரியாகி டர்போவுக்கு ஒயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயில் படியும். தண்டைத் தாங்கும் பேரிங் வறண்டு, தண்டு ஆடி, சீல் தேய்ந்து ஒயில் எரியத் தொடங்கும். கிட்ட ஓட்டமும் வெக்கையும் உள்ள நம் ஊருக்கு 5,000 கிமீ அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது ஒயில் மாற்றுவதே பாதுகாப்பு.

குழாயில் கெட்டிக் கரி படிய நீண்ட காலம் வேண்டும். ஏழு கிழமையில், 2,100 கிமீயில் அது வராது. அந்தக் கரியைக் காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலமாகிவிடும். மாறாக, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரெசர் சக்கரத்தின் இதழ் நுனிகள் அடிபட்டிருந்தால் ஏதோ ஒரு துண்டு உள்ளே போயிருக்கிறது. எயார் ஃபில்டரை யார், எப்போது திறந்தார்கள் என்ற கேள்வி வரும், அது உங்கள் பக்கமும் திரும்பலாம். ஒயில் திரும்பும் குழாயோ கிரான்க் கேஸ் காற்றோட்ட வால்வோ அடைபட்டாலும் இதே நீலப்புகை வரும். அப்படியானால் டர்போவை மாற்றியும் புகை நிற்காது. ஆகவே கராஜின் வாய்ச்சொல் போதாது.

வாகனத்தை ஓட்டாமல் நிறுத்துங்கள். மீற்றர் தெரியப் படம் எடுங்கள். ஸ்கேன் செய்து பிழைக் குறியீடுகளை அச்சிட்டு எடுங்கள். பி0299 வந்தால் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், குறைவு. பி0301 முதல் பி0303 வரை வந்தால் எந்தச் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (சரியாக எரியாமை) என்று தெரியும். பிறகு விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம்: குறை என்ன, எவ்வளவு கேட்கிறீர்கள், எந்தத் திகதியில் எந்தக் கராஜில் கழற்றப் போகிறீர்கள், நேரில் வந்து பார்க்கலாம். பத்து நாள் அவகாசம் கொடுங்கள். அன்று ஒரு பட்டயப் பொறியியலாளரை வைத்து, மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் அளந்தபின் கழற்றுங்கள். அரை லீற்றர் பழைய ஒயிலைச் சுத்தமான போத்தலில் மூடி ஒட்டுங்கள். ஃபில்டர், ஒயில் குழாய், பழைய டர்போ எதையும் கராஜில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ் அந்தப் பொறியியலாளரின் கருத்து நிபுணர் சாட்சியமாகும். வட்ஸ்அப் செய்தி உள்ள தொலைபேசியை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள்.

'உள்ளபடியே' என்ற வரி உங்களுக்குப் பாதகம்தான். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அவ்வகைப் பொருளை விற்கும் வியாபாரியிடம் வாங்கும்போது தரம் பற்றிய நிபந்தனையைத் தானாகச் சேர்க்கிறது. ஆனால் வெளிப்படையான உடன்பாட்டால் அதை விலக்கவும் இடம் தருகிறது. வாங்குமுன் நீங்களே பார்த்திருந்தால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கும் கேட்க முடியாது. டர்போவின் உள் நிலை வெளிப்பார்வைக்குத் தெரியாது என்பதால் இந்த இரண்டாவது தடை உங்களைப் பெரிதாகப் பாதிக்காது. முதலாவதைத் தாண்ட அந்த வட்ஸ்அப் வரியே கைகொடுக்கும்: சேர்விஸ் பற்றிப் பொய் சொல்லி விற்றவர் 'உள்ளபடியே' என்ற சொல்லுக்குள் ஒளிய முடியாது. பழைய சேர்விஸ் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் அதையும் முறைப்பாட்டில் சேருங்கள்.

இவ்வளவு ஓடியபின் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப்பணம் கேட்பது கடினம். ஏற்றுக்கொண்டதாகவே பார்க்கப்படும். நட்டஈடு கேட்பதே நடைமுறை.

92 ஒக்டேன் வாதம் நிற்காது. ஜப்பானில் இந்த எஞ்சின் அங்குள்ள சாதாரண பெற்றோலில் ஓடவே வடிவமைக்கப்பட்டது. அதற்கான ஜப்பானியத் தரம் குறைந்தது 89 ஒக்டேன். பெற்றோல் பற்று இருந்தால் கோப்பில் வையுங்கள்.

லீசிங் நிறுவனத்துக்கும் கடிதப் பிரதி அனுப்பி, கழற்ற எழுத்தில் அனுமதி பெறுங்கள். தவணையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் வாகனமே கைவிட்டுப் போகலாம். கேட்கும் தொகை மத்தியஸ்த சபையின் வரம்புக்குள் வந்தால், அந்தச் சபை தரும் இணங்காமைச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது.

விற்றவர் சமாதானத்துக்கு வந்தால் "டர்போ போட்டுத் தருகிறேன்" என்பதோடு விடாதீர்கள். ஒயில் குழாய் இரண்டும் புதிது, சம்ப் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டு) கழற்றிச் சுத்தம், வலையுள்ள ஒயில் உறிஞ்சி சுத்தம், புது ஒயிலும் ஃபில்டரும், வேலைக்கு ஆறு மாத உத்தரவாதம் என்று எழுத்தில் எடுங்கள். பழைய கரி உள்ளே இருந்தால் புது டர்போவும் அதே வழியில்தான் போகும். அந்த வேலை முடிந்து குறைந்தது 1,000 கிமீ ஓடிப் பார்க்குமுன், அதிகார சபை முறைப்பாட்டை மீளப் பெறாதீர்கள்.