ஹாம் ரேடியோவில் கேட்பதும் குறைந்து, பவரும் குறைந்தால் முதலில் எங்கே பார்ப்பது?

வாசகர் கேட்டது: "40 மீட்டர் அலைவரிசையில் நன்றாகக் கேட்ட நிலையங்கள் எல்லாம் இப்போது மங்கலாகிவிட்டன. டிரான்ஸ்மிட் செய்தால் 100 வாட் செட் 20 வாட்டைத் தாண்டுவதில்லை, எஸ்டபிள்யூஆர் 4-ஐத் தொடுகிறது. ஃபைனல் டிரான்சிஸ்டர் போய்விட்டதா?"

செட்டைத் திறக்காதீர்கள். அனுப்பும் சிக்னலைக் கடைசியாகப் பெருக்கும் ஃபைனல் டிரான்சிஸ்டருக்கும் நீங்கள் கேட்பதற்கும் சம்பந்தமே இல்லை, ரிசீவ் சிக்னல் அந்தப் பக்கம் போவதே இல்லை. இரண்டும் ஒன்றாகக் கெட்டால் இரண்டுக்கும் பொதுவான வழியைத்தான் சந்தேகப்பட வேண்டும்: ஆன்டெனா, கேபிள், கனெக்டர். பவர் குறைவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் எஸ்டபிள்யூஆர் (அனுப்பிய பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1 தான் சிறந்தது) ஏறினால் ஃபைனலைக் காப்பாற்ற செட் தானே பவரை இறக்கிவிடும்.

உறுதி செய்ய ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதிலாக பவரை வாங்கி வெப்பமாக்கும் மின்தடை) மாட்டுங்கள். டம்மி லோட் 100 வாட் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு, சிடபிள்யூ (மோர்ஸ்) அல்லது எஃப்எம்மில் சில வினாடிகள் மட்டும் அனுப்புங்கள். எஸ்எஸ்பி என்ற குரல் முறை வேண்டாம், அதில் பேசினால்தான் பவர் வரும், சாதாரண மீட்டர் பேச்சின் உச்சத்தையும் காட்டாது. முழு பவர் வந்து எஸ்டபிள்யூஆர் 1-க்குப் பக்கத்தில் நின்றால் செட் நலம்.

அப்புறம் கேபிள். இரண்டு முனையையும் கழற்றி, நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் (அதைச் சுற்றியுள்ள பின்னல்) இடையே மல்டிமீட்டரை வையுங்கள். தொடர்பு காட்டினால் ஷார்ட். ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துக் கட்டி மறுமுனையில் அளந்தால் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும், வராவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது சால்டர் விட்டிருக்கிறது. நான் முதலில் வெட்டிப் பார்ப்பது ஆன்டெனா பக்கத்துக் கனெக்டரைத்தான். தண்ணீர் புகுந்திருந்தால் உள்ளே செப்புப் பின்னல் கறுத்திருக்கும். கறுப்பு போகும் வரை கேபிளை வெட்டித் தள்ளுங்கள், புதுக் கனெக்டரைச் சுற்றி ரப்பர் டேப் போட்டு மூடுங்கள். தண்ணீர் குடித்த நீளமான கேபிள் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும்: பவரைத் தானே விழுங்கிவிட்டு மீட்டரில் அழகான எஸ்டபிள்யூஆர் காட்டும். அதனால் எஸ்டபிள்யூஆரை மட்டும் நம்பாமல், கேபிளின் மறுமுனையில் டம்மி லோடை மாட்டி அங்கே எத்தனை வாட் வந்து சேர்கிறது என்று அளந்துவிடுங்கள்.

கேபிள் சரி என்றால் ஆன்டெனா கம்பியையும், அதைக் கேபிளோடு இணைக்கும் பாலுனையும் இறக்கிப் பாருங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் தனியாக இறக்க வேண்டாம், இடி மின்னல் நேரத்தில் தொடவே வேண்டாம்.

டம்மி லோடிலும் பவர் வரவில்லையா? சரி, அப்போதும் செட்டைத் திறக்கும் முன், அனுப்பும்போது செட்டின் பின்பக்க முனையில் வோல்டேஜை அளந்து பாருங்கள். 100 வாட் செட் ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். சும்மா இருக்கையில் 13.8 காட்டிவிட்டு, அனுப்பும்போது 11-க்குச் சரிந்தால் குற்றவாளி பவர் சப்ளை, மெல்லிய ஒயர், அல்லது தொட்டால் சுடுகிற ஃபியூஸ் ஹோல்டர்.